தட்டைக் கீழே வைத்த காரணம்

செந்தில்,

கவரைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அம்மாதான் எழுதுகிறேன். நீ பாலிடெக்னிக் படித்தபோது பாதி எழுதி பாதி விட்ட நோட்டு ஒன்று பீரோவுக்கு அடியில் கிடந்தது. அதில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் தமிழ்க் கட்டுரைக்கு நான்தான் முதல் மார்க் என்று உன்னிடம் நூறு தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன் அல்லவா, அது உண்மையா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ ஓசூரில் கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருப்பாய், பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள், நானும் "சாப்ட்டியா ஐயா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதுவும் போக, இந்த ஐந்து மாதமாக நீ எனக்குப் போன் செய்வதே இல்லை. அப்பாவுக்குத்தான் செய்கிறாய். அவருக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசத் தெரியும் என்பதால் அடுப்படியில் நின்றபடி உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன். "அம்மா எப்படி இருக்கா" என்று நீ கேட்பதும், "இருக்கா, இருக்கா" என்று அவர் சொல்வதும் காதில் விழுகிறது.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். போன வாரம் பேச்சியம்மாள் அத்தை வந்திருந்தார்கள். மேடையில் பெண்ணுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் அவர்களையே செய்யச் சொல்லி நீ கேட்டுக்கொண்டாயாம். "நான் என்ன செய்யட்டும் சொல்லு. எந் தம்பி பிள்ள கேக்கும்போது மாட்டேன்னா சொல்ல முடியும்? அம்மா சும்மா வந்து உக்காந்தாப் போதும்னுட்டான்" என்று காப்பி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். பாவம், அவர்களுக்கும் சங்கடம்தான். "நீங்களே செய்யுங்க மதினி, யார் செஞ்சா என்ன" என்று சிரித்தேன். சொல்லிவிட்டு உள்ளே போய் வெங்காயம் இல்லாமலே அழுதேன். அந்த உரிமையைத் திருப்பிக் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கவிதாவை எனக்குப் பிடிக்கவில்லை என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அந்தப் பிள்ளையும் அதையே நம்பிக்கொண்டு இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கப் போகிறாள். அது மட்டும் நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நிச்சயத்தன்று வெம்பக்கோட்டையில் நீ பார்த்தது இதுதான். கவிதா வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் தலையைக் குனிந்து மணையில் உட்கார்ந்திருக்கிறாள். உன் அம்மா பூவும் சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டைக் கையில் ஏந்தி அவள் முன்னால் நிற்கிறாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "மதினி, நீங்க வைங்க" என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். அப்புறம் சபைக்கு வரவே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி ஆமத்தூருக்கு வந்துவிடுகிறாள். பெற்ற பிள்ளையின் நிச்சயத்தில் இப்படிச் செய்கிறவளை என்னவென்று சொல்வது? உன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஐந்து மாதம் இல்லை, ஐந்து வருடம் பேசியிருக்க மாட்டேன். போதாததற்கு, பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே "பிள்ளை கொஞ்சம் உயரம் கம்மியோ" என்று நான் வேறு ஒரு வார்த்தையை விட்டிருந்தேன். பிள்ளையைப் பெற்ற திமிரில் சொன்னது அது. நீ மட்டும் என்ன பனைமரமா? அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நீ பார்க்காததைச் சொல்வதற்கு மூன்று வருடம் பின்னால் போக வேண்டும். எனக்கு அப்போது நாற்பத்தேழு. திடீர் திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, முகம், காது மடல் வரைக்கும் ஏறும். ஐந்து நிமிடத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் குளிரும். விருதுநகர் வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு வியர்வை ஒரு விஷயமா என்று முதலில் நினைத்தேன். ஆனால் மார்கழியிலும் வியர்த்தது. நான் ஃபேனை ஐந்தில் வைப்பேன், உங்கப்பா எழுந்து இரண்டில் வைப்பார், நான் மறுபடியும் ஐந்தில் வைப்பேன். சித்திரை மாதத்தில் மப்ளர் கட்டிக்கொண்டு படுத்த ஒரே ஆம்பளை இந்த ஜில்லாவிலேயே உங்கப்பாவாகத்தான் இருக்கும். கடைசியில் "ஒனக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல, நான் அங்கன படுத்துக்கிறேன்" என்று கட்டிலைத் தூக்கிக்கொண்டு உன் அறைக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகவில்லை, பருப்பு மில்லில் பகல் முழுக்க லோடு ஏற்றி அனுப்பிவிட்டு வருகிற மனுஷன், தூங்க வேண்டாமா? ஆனால் அன்றிலிருந்து இந்த அறையில் நான் தனி. தூக்கம் போனது, காரணம் இல்லாமல் கோபம் வந்தது, எதை எங்கே வைத்தேன் என்பது மறந்தது. ஒரு தீபாவளி லீவில் நீ வந்தபோது, இட்லி சட்டியில் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்துவிட்டேன். நீ சிரித்தாய். நான் அந்த மூடியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். உன் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கே உன்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். "பட்டாசு ஊர்க்காரி வீட்ல வெடிச் சத்தம் கேக்கத்தான செய்யும்" என்று கிண்டலாகப் பேசி மழுப்பிவிட்டேன்.

வேலையில் இதை மழுப்ப முடியவில்லை. எங்கள் பட்டாசு ஆலையில் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. சின்ன அறை, நாலு பக்கமும் வாசல், தரையில் ரப்பர் விரிப்பு. இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஏதாவது ஆனால் இரண்டு பேரோடு போகட்டும் என்பதுதான் கணக்கு. அடுத்த அறை தள்ளி இருக்கும், கூப்பிட்டால்தான் கேட்கும். அந்த அறையில் கை காய்ந்திருக்க வேண்டும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடு பிடித்துக்கொள்ளும், வெளியே தெரியாது. கை வியர்க்கிறவர்களை போர்மேன் உள்ளேயே விடமாட்டார். எனக்கு அந்தச் சூடு கிளம்பும்போதெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவருவேன். வேப்பமரத்தடியில் நின்று புடவையில் துடைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு போவேன். ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை. ஒரு நாள் நானே போர்மேனிடம் போய், என்னைப் பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். கண் சரியாகத் தெரியவில்லை என்று பொய் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேல் மருந்து அறையில் இருந்தவள் நான். வேறு எந்தக் காரணத்தையும் ஓர் ஆம்பளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வேப்பமரத்தடியில் நின்றபோதெல்லாம் எனக்கு ஒருத்தியின் ஞாபகம் வந்தது. மாடத்தி அக்கா. நீ ஒன்றாம் வகுப்புப் படித்தபோது என்னோடு அதே மாதிரி அறையில் உட்கார்ந்து வேலை செய்தவள். அவளுக்கு அப்போது ஐம்பது இருக்கும். இதே மாதிரி அடிக்கடி வெளியே ஓடுவாள். தொட்டியில் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, காயும்வரை வெயிலில் நிற்பாள். ஒரு நாளைக்கு இத்தனை அடைக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கணக்கு. அவள் வெளியே நிற்கிற நேரத்துக்கும் சேர்த்து நான் அடைக்க வேண்டும். சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நாள் போர்மேனிடம் போய், "அவுக கை எப்பப் பாத்தாலும் ஈரமா இருக்கு, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சட்டப்படி சரிதான். ஆனால் நான் பயத்தில் சொல்லவில்லை, எரிச்சலில் சொன்னேன். மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போகும்போது தூக்குவாளியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஏன்டி, எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டாள். நான் குனிந்து மருந்தை அடைத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு என்ன செய்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? அப்போது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. என் உடம்புக்கும் அந்த வயது வரும் என்று தோன்றவே இல்லை.

இனி நிச்சயத்துக்கு வருகிறேன். கூச்சப்படாமல் படி. நானும் கூச்சப்படாமல் எழுத முயற்சி செய்கிறேன். உனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது எனக்கு மாதவிலக்கு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அப்பாடா, நின்றுவிட்டது, பாடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டில் மிச்சமிருந்த நாப்கினை எல்லாம் ஒழித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். அன்று சந்தன நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன், நீ எடுத்துக் கொடுத்தது. தட்டை ஏந்தி நின்றேன். கவிதாவின் வகிடு தெரிந்தது. எவ்வளவு நேராக எடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். குங்குமத்தை எடுக்க விரலை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து, எந்த வலியும் இல்லாமல், குழாயைத் திறந்துவிட்டது மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்தில் யோசித்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். தீட்டோடு அந்தப் பிள்ளையின் தலையில் பூ வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதெல்லாம் மூடநம்பிக்கை என்று நீ சொல்வாய். இருக்கட்டும், நான் அப்படித்தான் வளர்ந்தேன், உன் வாழ்க்கையை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சரி, மதினியின் காதில் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம் அல்லவா என்றால், அதையும் நினைத்தேன். சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் நாலு பேருக்குத் தெரியும். சீர்த்தட்டு எல்லாம் நான் தொட்டது. எல்லாவற்றையும் மறுபடி வையுங்கள் என்பார்கள், நேரம் தப்பிவிட்டது என்பார்கள். அதோடு விடமாட்டார்கள். "பூ வைக்கும்போதே இப்படி ஆச்சே, இந்தப் பொண்ணு ராசி எப்படியோ" என்று எவளாவது ஒருத்தி வாயைத் திறப்பாள். அந்தப் பேச்சு என் மேல் விழாது, கவிதாவின் மேல் விழும். காலம் முழுக்க விழும். அதனால் பேசாமல் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் அவளை அவமானப்படுத்திவிட்டேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

பின்கட்டில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையில் போனும் சாவியும் சில்லறையும் இருந்தன, மாற்றுத் துணி இல்லை. சீர்த்தட்டை மூடிக் கொண்டுவந்த துண்டு ஒன்று பின்கட்டுக் கொடியில் கிடந்தது, அதைத்தான் உள்ளே வரும்போது எடுத்து வந்திருந்தேன். பழக்கம் இல்லாத வீடு, எந்தக் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்றுகூடத் தெரியவில்லை. கூடத்தில் மேளச்சத்தம் கேட்டது. அத்தை பூ வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேனோ, கதவை யாரோ தட்டினார்கள். எனக்கு உயிர் வந்தது. நீதான் தேடி வந்துவிட்டாய் என்று நினைத்தேன். "யாரு?" என்றேன். "வாளி வேணும், சீக்கிரம் வாங்க" என்று ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. சமையல் ஆள் போல. வாளியைக் கதவிடுக்கில் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. உங்கப்பாவுக்குப் போன் போட்டு, தலைவலி தாங்க முடியவில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்றேன். சரி என்றார். பின்வாசல் வழியாக வெளியே வந்து பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் பாதிக்கு மேல் சீட்டு காலி. நான் உட்காரவில்லை. முந்தானையைப் பின்னால் இழுத்துச் செருகிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றேன். கண்டக்டர் இரண்டு தடவை வந்து, "உக்காருங்கம்மா, எடம் எம்புட்டுக் கெடக்கு" என்றார். "இருக்கட்டும்ப்பா, கால் மரத்துப்போச்சு" என்றேன். பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், பட்டுப்புடவையும் கழுத்து நிறைய நகையுமாக, காலிச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாள். சிவகாசியில் இறங்கி வேறு பஸ் மாறி, அதிலும் ஆமத்தூர் வரைக்கும் நின்றேன். என் பிள்ளைக்கு நிச்சயம் நடந்த நாளில் எனக்கு உட்கார ஓர் இடம் இல்லை என்று நினைத்தபோது ரொம்பத் துக்கமாக இருந்தது, செந்தில். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து அந்தப் புடவையை அலசினேன். சாயங்காலம் நீ போன் செய்தாய். "அவளைப் பிடிக்கலைன்னா மொதல்லயே சொல்லிருக்கலாம்லம்மா. அம்புட்டுப் பேர் முன்னாடி தட்டைக் கீழ வச்சுட்டுப் போற. அவ அழுதா தெரியுமா ஒனக்கு?" என்றாய். நான் "தலைவலிப்பா" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நீ வைத்துவிட்டாய். சபையில் எல்லோரும் கேட்டபோது உங்கப்பா, "அவளுக்கு இப்பல்லாம் இப்படித்தான்" என்று சொன்னாராம். அதை உன் அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பொய் இல்லை, அவர் கண்டதைச் சொன்னார். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை வலித்த மாதிரி நீ போனை வைத்ததுகூட எனக்கு வலிக்கவில்லை.

அன்று தொடங்கியது பதினெட்டு நாள் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் அப்படியே கொட்டியது, நாலு மாதம் நானும் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டி ஒட்டுகிற இடத்தில் ஒரு நாள் கண் இருட்டிக் கீழே விழுந்துவிட்டேன். உடனிருந்தவர்கள் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் விருதுநகருக்குத் தனியாகப் போய் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். கூட யார் வந்திருக்கிறார்கள் என்றுதான் அவர்கள் முதலில் கேட்டார்கள். "யாரும் வரல, சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். இரத்தம் பாதியாகக் குறைந்துபோயிருந்தது. "இம்புட்டு நாள் எப்படி நடமாடுனீங்க?" என்று திட்டினார்கள். அப்புறம் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்கள். மாதவிலக்கு ஒரே நாளில் நின்றுவிடாதாம். நிற்பதற்கு முன்னால் சில வருடம் உடம்புக்குள் சுரக்கிற ஹார்மோன் ஏறி இறங்குமாம். அந்தச் சூடு, தூக்கம் இல்லாதது, கோபம், மறதி எல்லாம் அதனால்தானாம். மாதக்கணக்கில் வராமல் இருந்து திடீரென்று கொட்டுவதும் உண்டாம். ஆனால் அப்படிக் கொட்டினால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது, ஒரு வருடம் முழுக்க நின்ற பிறகு சொட்டு பட்டால்கூட உடனே காட்ட வேண்டும், வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். "பொறுத்துக்கிட்டுத்தான் போகணும்னு நெனச்சேன்" என்றேன். "யார் சொன்னா? மருந்து இருக்கு, வழி இருக்கு. பல்லு வலிச்சா வந்து காட்டுறீங்க, இதைக் காட்ட மாட்டீங்களா?" என்றார்கள். மூன்று வருடத்தில் ஒருவர் என்னிடம் இவ்வளவு நேரம் என்னைப் பற்றிப் பேசியது அன்றுதான். அதற்கே கண் கலங்கிவிட்டது.

கர்ப்பப்பையின் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் நான் உங்கப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், சோறு ஆக்கினேன். நீ அப்பாவோடு மண்டபம் பார்த்தது, பத்திரிகை அடித்தது எல்லாம் பேசினாய், நான் அடுப்படியில் நின்று கேட்டேன். ஒருவேளை கெட்ட வியாதியாக இருந்தால் கல்யாணம் முடிகிறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று வந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், இரத்தமும் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. போனை எடுத்து உன் நம்பரைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் பஸ் வந்துவிட்டது.

அன்று நேராக வீட்டுக்கு வரவில்லை, மாடத்தி அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஊருக்கு மேற்கே மகளோடு இருக்கிறாள், எழுபது தாண்டிவிட்டது. என்னை அடையாளம் தெரியுமோ தெரியாதோ என்று நினைத்தேன். பார்த்ததும், "எங்கன வந்த, வழி தப்பி வந்துட்டியா?" என்றாள். போர்மேனிடம் நான் சொன்னது ஏன் என்று அவளிடம் சொன்னேன். பெண்டுகள் மன்னிப்புக் கேட்டு நீ பார்த்திருக்க மாட்டாய், பாத்திரம் விளக்கிக்கொடுத்துக்கொண்டே கேட்போம், அப்படிக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "ஒம்மேல கோவம் ரெண்டு நாள்ல போயிருச்சு. வீட்ல வந்து யார்ட்டச் சொல்லி அழன்னு தெரியல பாரு, அதுதான் போகல" என்றாள். அப்புறம் என் கதையைக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். "மகங்கிட்டச் சொன்னியா?" என்றாள். "ஆம்பளைப் பிள்ளகிட்ட இதை எப்படிக்கா சொல்ல?" என்றேன். "அவன் எந்த வழியா வந்தானாம், ஆகாசத்துல இருந்து குதிச்சானா?" என்றாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்ததும் உன் பழைய நோட்டைத் தேடினேன்.

இந்தக் கடிதத்தை நீ படித்துவிட்டு கவிதாவிடம் கொடு. உன் வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவாய், அவளே படிக்கட்டும். அவள் வகிடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்தே படிக்கட்டும். அத்தையே எல்லாம் செய்யட்டும், சொன்னதை மாற்றி அவர்கள் மனதை நோகடிக்காதே. உங்கப்பாவிடம் நேற்று நானே சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு எழுந்து போய், ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கட்டில் இன்னும் உன் அறையில்தான் கிடக்கிறது. இன்னும் இருபது வருடம் கழித்து உன் வீட்டிலும் ஒருத்தி மார்கழியில் ஃபேனைக் கூட்டுவாள், மூடியைத் தூக்கி எறிவாள், எதற்கென்று தெரியாமல் அழுவாள். அன்றைக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகாதே, ஐயா. போர்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்திலேயே படு. "அவளுக்கு இப்படித்தான்" என்று யாரிடமும் சொல்லாதே. அவளைக் கேள். டாக்டரிடம் போனால் கூடப் போ, வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்கூடப் போதும்.

எனக்கென்று ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கல்யாணத்தன்று நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். மாத்திரை சாப்பிட்டாலும் இந்த உடம்பை முழுசாக நம்ப முடியாது. நடுவில் எழுந்து போனாலும் போவேன். சூடாக இருக்கலாம், அன்று போல ஆகியிருக்கலாம், நீ மாலையும் கழுத்துமாக நிற்பதைப் பார்த்து வந்த அழுகையாகவும் இருக்கலாம். நீ அப்போதே வர முடியாது, எனக்குத் தெரியும். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, எல்லாம் ஓய்ந்த பிறகு வா. மண்டபத்தில் பின்பக்கம் ஏதாவது ஒரு கதவு சாத்தியிருக்கும், அதைத் தட்டு. உள்ளேயிருந்து "யாரு?" என்பேன்.

"நான்தாம்மா" என்று சொல். அது போதும் எனக்கு.

அம்மா